கருவறையிலிருந்து நேர்முக வர்ணனை

வார நாட்களில் இளமதி ராஃபிள்ஸ் பிளேஸில் ஒரு வங்கியில் வேலை பார்த்தாள். சனி, ஞாயிறுகளில் கால்பந்து வர்ணனை செய்தாள். உள்ளூர் ஆட்டங்களைத் தமிழில் இணையத்தில் ஒளிபரப்பும் சின்னக் குழு ஒன்று இருந்தது. அதில் மைக் பிடித்த ஒரே பெண் அவள்தான். கோல் விழுகிற நேரத்தில் மூச்சு விடாமல் அரை நிமிடம் பேசுவாள். அந்த அரை நிமிடத்துக்காகவே ஆட்டம் பார்க்கிறவர்கள் இருந்தார்கள்.

அந்தக் குழுவின் ஒலிக்காரன் ஜாஃபர்தான் அவளைக் கோயில் வேலையில் மாட்டிவிட்டான்.

"சுவா சூ காங் பக்கம் ஒரு சிவன் கோயில் லா. குடமுழுக்கு. சவுண்ட் என் பொறுப்பு. பார்வையில்லாதவங்க ஒம்போது பேர் வர்றாங்க. அவங்க காதுல ஹெட்போன் மாட்டி, நடக்கிறதெல்லாம் லைவா சொல்லணும். நீதான் கரெக்ட்."

"கோயில்ல கோல் விழாது ஜாஃபர்."

"அதுக்கு மேலயே நடக்கும், வந்து பாரு."

அவள் உடனே ஒப்புக்கொண்டாள். பார்வையற்றவர்களுக்கு நாடகங்களை விவரித்துச் சொல்லும் பயிற்சி ஒன்றை இரண்டு நாள் போய்ப் படித்தாள். அங்கே சொல்லிக்கொடுத்தவர் ஒரே விதியைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: கண்ணில் படுவதைச் சொல், மனதில் படுவதைச் சொல்லாதே. இளமதிக்கு அது சுலபமாகத் தோன்றியது. பந்து எங்கே இருக்கிறது, யார் காலில் இருக்கிறது, வலை எந்தப் பக்கம் என்று சொல்வதைத்தானே ஐந்து வருடமாகச் செய்கிறாள்.

குடமுழுக்குக்கு இரண்டு வாரம் முன்னால் சமூக மன்றத்தின் ஓர் அறையில் ஒத்திகை நடந்தது. கோயில் செயலாளர் சுந்தரேசன் பதினான்கு பக்க வர்ணனை உரை ஒன்றை எழுதி அனுப்பியிருந்தார். அவர் திருச்சியிலிருந்து வந்து இருபது வருடமாக இங்கே பொறியாளராக இருப்பவர். எழுத்து நல்ல தமிழில், தடங்கல் இல்லாமல் ஓடியது. இளமதி கடைசிப் பக்கத்தை, மூலவர் தரிசனப் பகுதியை, வாசித்துக் காட்டினாள்.

"சொல்லுக்கு அடங்காத பெருமான், கோடி சூரியர்கள் ஒரே நேரத்தில் உதித்தது போன்ற பேரொளியுடன் காட்சி தருகிறார்..."

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். இளமதி நிறுத்தினாள்.

"மன்னிச்சுக்கம்மா," என்றாள் சிரித்தவள். அவள் பெயர் பஞ்சவர்ணம். ஐம்பது வயது இருக்கும். ஒரு மருத்துவமனையில் தொலைபேசி இணைப்பாளர். பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. "எனக்குச் சூரியன்னா சூடு. அவ்வளவுதான் தெரியும். சுவா சூ காங்ல மத்தியானம் பஸ் ஸ்டாப்ல நிக்கிறப்பவே ஒரு சூரியன் தாங்கல. கோடின்னா நான் தரிசனம் வேணாம்னு வீட்டுக்குப் போயிருவேன்."

அறையில் எல்லோரும் சிரித்தார்கள், ஒருவரைத் தவிர. ஓரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த இராஜரத்தினம் தொண்டையைச் செருமினார். யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம். துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஐம்பத்திரண்டு வயதில் கண் அழுத்த நோயால் பார்வையை இழந்தவர்.

"எனக்கு அந்த வரி வேணும் பிள்ளை. நான் பார்த்த ஆள். நீ சூரியன் எண்டு சொன்னால் எனக்குள்ள வெளிச்சம் வருது. அதை எடுத்துப் போடாதே."

"சரி அங்கிள்," என்றாள் இளமதி.

பஞ்சவர்ணம் விடவில்லை. "மதி, நான் ஒண்ணு கேக்குறேன். நீ கோடி சூரியன் பார்த்திருக்கியா?"

"இல்லக்கா."

"எழுதுனவரு?"

"அவரும் பார்த்திருக்க மாட்டார்."

"அப்ப யாரு பார்த்ததை நீ எனக்குச் சொல்லப்போற?"

பஞ்சவர்ணத்தின் குரலில் கேலி இல்லை. கண்டுபிடிக்கிற ஆர்வம் இருந்தது. அவள் தன் கைத்தடியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு பேசினாள்.

"நானும் சிவப்பைப் பத்திப் பேசுவேன். ரத்தம் சிவப்பு, குங்குமம் சிவப்பு, நம்ம நாட்டுக் கொடில பாதி சிவப்பு. ஒரு தப்பும் வராது. ஆனா சிவப்புன்னா என்னன்னு எனக்குத் தெரியாது. வார்த்தை மட்டும்தான் என்கிட்ட இருக்கு. நீங்க எல்லாம் சாமியைப் பத்திப் பேசுறப்ப எனக்கு அதே மாதிரி கேக்குது. தப்பே இல்லாமப் பேசுறீங்க. ஆனா உங்களுக்கும் அது சிவப்பு மாதிரிதானோன்னு தோணுது."

வீட்டுக்குப் போகிற வழி முழுக்க அந்த வாக்கியம் அவளோடு வந்தது. மறுநாள் வங்கியில் ஒரு படிவத்தை மூன்று முறை தப்பாக நிரப்பினாள்.

அந்த வாரமே சுந்தரேசனைச் சந்திக்க வேண்டும் என்று கேட்டாள். அவர் தேக்கா கடைவீதியில் பூஜை சாமான் வாங்க வந்திருந்தார். சிராங்கூன் சாலையில் ஒரு சாப்பாட்டுக் கடையில், இரண்டு பைகளை நாற்காலியில் வைத்துவிட்டு இஞ்சித் தேநீர் சொன்னார்.

"சார், கடைசிப் பக்கம் மட்டும் நான் பார்த்ததை என் சொந்த வார்த்தையில சொல்லவா?"

"என்னன்னு சொல்வீங்க?"

"உயரம், அகலம், நிறம். கருங்கல்..."

அவர் கையை உயர்த்தினார். "அந்த வார்த்தை மட்டும் வேணாம்மா. இன்னைக்கு அது கல். குடமுழுக்குக்கு முன்னாடி ஆறு கால பூஜை முடிஞ்சதும் அது கல் இல்ல. அங்க போய் கல்லுன்னு சொன்னா, பொறந்த பிள்ளையைப் பார்த்து மூணு கிலோ சதைன்னு சொல்ற மாதிரி."

அந்த வாதம் அவளை நிறுத்தியது. அது சரியாகவே இருந்தது.

"ஆனா சார், சொல்லுக்கு அடங்காதவர்னு எழுதிட்டு, அப்புறம் பதினாலு பக்கம் எழுதியிருக்கீங்களே."

சுந்தரேசன் கோபப்படவில்லை. தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னார். "ஒரு சொல் போதலைன்னுதான் இன்னொரு சொல் போடுறோம். அதுவும் போதலைன்னு அடுத்தது. பத்தாதுன்னு தெரிஞ்சுதான் எழுதுறேன். எழுதாம இருந்தா எனக்குத் தாங்காது. அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல." பிறகு பைகளை எடுத்துக்கொண்டார். "நாற்பத்தெட்டாவது நாள் மண்டலாபிஷேகத்துக்கும் நீங்கதான் வர்ணனை சொல்லணும். மத்ததெல்லாம் உங்க இஷ்டம். மூலவர் தரிசனத்துக்கு மட்டும் நான் எழுதுனதை வாசிங்க. வாக்குக் குடுங்க."

இளமதி வாக்குக் கொடுத்தாள்.

குடமுழுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை. ஏழரைக்கெல்லாம் மூவாயிரம் பேர் கூடிவிட்டார்கள். கப்பல் பட்டறையிலும் கட்டட வேலையிலும் இருக்கிற இளைஞர்கள் லாரியிலும் பேருந்திலும் வந்து வேலிவரை நின்றார்கள். ஒன்பது பேருக்கும் பந்தலின் முன்னால் நாற்காலி போட்டிருந்தார்கள். ஆளுக்கொரு ஹெட்போன். இளமதிக்குக் காதோரமாக வளைந்து வாயருகே வரும் சின்ன மைக். ஜாஃபர் ஒலிக் கலவைப் பலகைக்குப் பின்னாலிருந்து கட்டை விரலைக் காட்டினான்.

அவள் தொடங்கினாள். முதல் ஐந்து நிமிடம் மேடைத்தமிழில் பேசினாள். யாகசாலையிலிருந்து குடங்கள் புறப்பட்டதும் குரலில் வேகம் கூடியது.

"முதல் குடம் வெளியே வருகிறது. சுமப்பவர் தலையில் வைத்திருக்கிறார், ஒரு கை மட்டும் பிடித்திருக்கிறது. பின்னால் இரண்டாவது, மூன்றாவது. குடை ஒன்று சாய்கிறது, நிமிர்த்திவிட்டார்கள். இப்போது ஏணி. இளையவர் ஒருவர் ஏறுகிறார், இடது கையில் குடம், வலது கையில் கம்பி. வேட்டி கம்பியில் மாட்டிக்கொண்டது. கீழே இருப்பவர் எடுத்துவிடுகிறார். ஏறிவிட்டார். விமானத்தின் உச்சியில் நிற்கிறார்."

நாற்காலிகளில் இருந்த ஒன்பது பேரும் முன்னால் சாய்ந்துவிட்டார்கள். பஞ்சவர்ணம் பக்கத்திலிருந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கியது. செம்பழுப்பு இறக்கையும் வெள்ளைத் தலையுமாக ஒரு கருடன், அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு மேலிருந்து வந்து வட்டமிட்டது.

"கருடன் வந்துருச்சு," என்றாள் இளமதி. மேடைத்தமிழ் எங்கோ போயிருந்தது. "புளோக்குக்கு மேல இருந்து வருது, இறக்கையை அசைக்கவே இல்ல, அப்படியே மிதக்குது, ஒரு சுத்து, கலசத்துக்கு நேர் மேல, ரெண்டாவது சுத்து, இன்னும் கீழ வருது, எல்லாரும் கையத் தூக்கிட்டாங்க, மேல இருக்கிறவர் குடத்தைச் சாய்க்கிறார், தண்ணி, தண்ணி விழுது..."

மேளம் இடித்தது. மூவாயிரம் குரல்கள் ஒன்றாக எழுந்தன. குழாய்களிலிருந்து புனித நீர் கூட்டத்தின்மேல் தெளித்தது. இராஜரத்தினம் முகத்தை மேலே காட்டி, நீரை வாங்கிக்கொண்டு அழுதார். இளமதிக்குக் கோல் விழுந்த களிப்பு, அதைவிடப் பெரியது. கால்கள் தரையில் நிற்கவில்லை.

அடுத்தது மூலவர். ஒன்பது பேரும் நாற்காலிகளிலேயே இருந்தார்கள். இளமதியை மட்டும் உள்ளே, கருவறைக்கு முன்னால் இருக்கும் சின்ன மண்டபத்தின் ஓரத்தில் நிற்க விட்டார்கள். அங்கே மணியோசையும் நாகசுரமும் சுவரில் மோதி, வெளியே என்ன நடக்கிறது என்று எதுவும் கேட்கவில்லை. நீராட்டு முடிந்து திரை போட்டிருந்தார்கள். அவள் சுந்தரேசனின் கடைசிப் பக்கத்தை எடுத்து விரித்துக்கொண்டாள்.

திரை விலகியது.

"சொல்லுக்கு அடங்காத பெருமான்..." என்று தொடங்கினாள்.

அடுத்த வரி கண்முன்னே இருந்தது. கோடி சூரியர்கள். நாக்கு எழவில்லை. அவள் எதிரே இரண்டு எண்ணெய் விளக்குகள்தான் எரிந்துகொண்டிருந்தன. அந்த வெளிச்சத்தில் ஈரமாக, கறுப்பாக, அசையாமல் இருந்ததைப் பார்த்தாள். அந்த ஒரு சொல்லைச் சொல்லவும் முடியாது; சுந்தரேசன் சொன்னது சரி, பார்க்கும்போது அந்தச் சொல் பொருந்தவும் இல்லை. சூரியனும் கூடாது, அந்தச் சொல்லும் கூடாது என்றால் வேறு என்ன இருக்கிறது? வெளியே ஒன்பது பேர் காத்திருக்கிறார்கள். வர்ணனையில் மூன்று நொடி மௌனம் என்றாலே குழி விழும். பழக்கம் அவளைத் தள்ளியது. எந்த ஆளை விவரிக்கத் தொடங்கினாலும் முதலில் பார்ப்பதை அவள் பார்த்தாள்: முகம்.

காகிதத்தை மடித்துவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"முகம் இல்ல. கண் இல்ல, அதனால எந்தப் பக்கம் பார்க்குதுன்னு சொல்ல முடியல. வாய் இல்ல. கை இல்ல, எதையும் பிடிச்சிட்டு இல்ல. கால் இல்ல, எங்கேயிருந்தும் வந்த மாதிரியும் இல்ல, எங்கேயும் போற மாதிரியும் இல்ல. உட்கார்ந்திருக்கான்னா இல்ல. நிக்குதான்னா அதுவும் இல்ல. ஆணா பெண்ணான்னு பார்த்தாத் தெரியல. வயசு தெரியல. மூலை இல்ல, விளிம்பு இல்ல. எங்க தொடங்குதுன்னு கண்ணு தேடிட்டுப் போகுது, சுத்தி அதே இடத்துக்கு வந்துருது. முன்பக்கம்னு ஒண்ணு இல்ல. நம்ம வாசல் வச்ச பக்கத்தை முன்பக்கம்னு சொல்றோம்."

மூச்சு வாங்கியது. நிறுத்த முடியவில்லை.

"மேல இருந்து தண்ணி இன்னும் வடியுது. குருக்கள் தீபத்தைத் தூக்குறாங்க. தீபம் வலப்பக்கம் போனா நிழல் இடப்பக்கம் போகுது. தீபம் இடப்பக்கம் வந்தா நிழல் வலப்பக்கம். எல்லாம் ஆடுது. அது ஆடல. என் இடுப்பு உயரம்தான் இருக்கும். ஆனா இந்த அறையில வேற எதையும் பார்க்க முடியல."

தீபாராதனை முடிந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோதுதான் அவளுக்கு ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. படியில் நின்றவர்கள் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஜாஃபர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்தான்.

"மதி, திட்டாத. உள்ள இருந்த மெயின் மைக்ல தண்ணி போயிருச்சு. தீபாராதனை நேரம், ஸ்பீக்கர்ல சத்தமே வரல. மூவாயிரம் பேரு ஒண்ணும் கேக்காம நிக்கிறாங்க. உன் லைன் மட்டும்தான் உயிரோட இருந்துச்சு. அதைத் தூக்கி வெளி ஸ்பீக்கர்ல விட்டுட்டேன்."

"எல்லா ஸ்பீக்கர்லயுமா?"

"கார் பார்க் வரைக்கும் லா."

இளமதி கேட்டாள். "முகம் இல்லன்னு சொன்னது?"

"முதல்லயிருந்து. உன் குரல் வந்ததும் எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. அப்புறம் ஒரு சத்தம் இல்ல. பந்தல்ல இருக்கிற யாருக்கும் உள்ள தெரியாதுல்ல? பின்னாடி நின்ன பசங்க கண்ணை மூடிக்கிட்டாங்க. நானே மூடிட்டேன். நான் தொழுகைக்குப் போறவன். முகம் இல்ல, கை இல்ல, திசை இல்லன்னு நீ அடுக்குறப்ப, இதை எங்கேயோ கேட்டிருக்கேனேன்னு இருந்துச்சு."

அவன் பின்னால் சுந்தரேசன் வந்துகொண்டிருந்தார். சட்டையெல்லாம் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. இளமதி கைகூப்பினாள்.

"மன்னிச்சிருங்க சார். வாக்குக் குடுத்தேன். வாசிக்க முடியல."

அவர் அவள் கையிலிருந்த மடித்த காகிதத்தைப் பார்த்தார். "நான் உள்ள இல்லம்மா. பதினோரு வருஷமா இந்தக் கோயிலுக்கு உழைச்சு, இன்னைக்கு வாசல்ல வரிசை ஒழுங்குபடுத்திட்டிருந்தேன். எனக்கும் உங்க குரல் மட்டும்தான் கிடைச்சுது." நனைந்த சட்டையை உடம்பிலிருந்து இழுத்துவிட்டார். "அந்த வார்த்தையைச் சொல்லிருவீங்களோன்னு பயந்துக்கிட்டே கேட்டேன். சொல்லல. நான் எழுதுனதையும் சொல்லல. ரெண்டுக்கும் நடுவுல இடம் இருக்குன்னு எனக்குத் தெரியாது."

"பிரச்சினை ஆகுமா சார்?"

"ஆயிருச்சு. நிர்வாகக் குழுவுல ரெண்டு பேர் இப்பவே விளக்கம் கேக்குறாங்க. ஆணா பெண்ணான்னு தெரியலன்னு எப்படிச் சொல்லலாம்னு. நான் பார்த்துக்குறேன். நீங்க போய்ச் சாப்பிடுங்க."

அவள் சாப்பிடப் போகவில்லை. நேராக நாற்காலிகளுக்குப் போனாள். இராஜரத்தினம் அவள் காலடியைக் கேட்டதும் பேசினார்.

"பிள்ளை, உண்மையைச் சொல்றன். கருடன் வந்த இடம் அருமை. கடைசியில நீ என்னை ஏமாத்திப் போட்டாய். எனக்குள்ள ஒரு உருவம் இருந்தது, நாற்பது வருஷம் கும்பிட்ட உருவம். நீ ஒவ்வொண்டாய் இல்லை இல்லை எண்டு சொல்லச் சொல்ல, அது கரைஞ்சு போச்சு. எனக்கு அந்தச் சூரியன் வேணும்."

இளமதி அவர் பக்கத்தில் முழங்காலிட்டாள். காகிதத்தை விரித்து, சுந்தரேசனின் கடைசிப் பக்கம் முழுவதையும் அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி நிதானமாக வாசித்தாள். ஒரு சொல் விடவில்லை. அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, அவள் தலையில் கை வைத்தார்.

பஞ்சவர்ணத்தை டெக் வாய் நிலையம் வரை கொண்டுபோய் விடுகிறேன் என்று இளமதி சொல்லியிருந்தாள். இருவரும் எல்ஆர்டி ரயிலில் ஏறினார்கள். கதவோரத்து இருக்கையில் உட்கார்ந்ததும் இளமதி கேட்டாள்.

"சொல்லுங்கக்கா. நீங்கதான் இன்னும் ஒண்ணும் சொல்லல."

"எல்லாரும் ஏன் அப்படி அமைதியானாங்கன்னு யோசிச்சிட்டிருந்தேன்," என்றாள் பஞ்சவர்ணம். "பக்கத்துல இருந்தவரு நடுங்குனாரு. முகம் இல்லன்னு நீ சொன்னதும். அதுல என்ன பெரிய ஆச்சரியம்னு எனக்குப் புரியவே இல்ல."

"ஏன்க்கா?"

"எனக்கு யாருக்குமே முகம் இல்லையே மதி. எங்கம்மாவுக்கு முகம் இல்ல. என் மகனுக்கு இல்ல. உனக்கும் இல்ல. எந்தப் பக்கம் பார்க்குறீங்கன்னு தெரியாது. குரல் வரும், வாசனை வரும், பக்கத்துல ஆள் இருக்குன்னு காத்து சொல்லும். எனக்குத் தெரிஞ்ச எல்லாரும் அப்படித்தான். நீ முகம் இல்ல, கண் இல்லன்னு சொல்லச் சொல்ல, உங்களுக்கெல்லாம் சாமி தூரமாப் போயிட்டாரு போல. எனக்கு ஐம்பது வருஷத்துல முதல் தடவையா பக்கத்து வீட்டு ஆள் மாதிரி வந்துட்டாரு. அட, இவரும் நமக்குத் தெரிஞ்ச மாதிரி ஆளுதான்னு."

இளமதி எழுந்து நின்றுவிட்டாள். ஓடுகிற வண்டியில் எதையாவது பிடிக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. "நான் ஒரே வார்த்தையைத்தானேக்கா எல்லாருக்கும் சொன்னேன்."

"அதத்தான் சொல்றேன்."

"அப்ப நான் சொன்னது சரியா தப்பா?"

"பாதி விட்டுட்டே," என்றாள் பஞ்சவர்ணம். இப்போது அவள் குரலும் வேகமெடுத்திருந்தது. "உள்ள என்ன வாசனை, சொல்லல. திரை விலகுனதும் குளிர்ச்சி வந்துச்சா, சூடு வந்துச்சா, சொல்லல. ரொம்பச் சின்ன அறைன்னு எனக்கு எப்படித் தெரியும்? உன் குரல் சுவத்துல பட்டுத் திரும்புச்சு. அதை நீ சொல்லல, நானா எடுத்துக்கிட்டேன். கண்ணால கிடைச்சதை மட்டும் வச்சு இல்ல இல்லன்னு சொன்னே. காதுக்கும் மூக்குக்கும் கிடைக்கிறதை யாரு சொல்றது?"

டெக் வாய் வந்து, கதவு திறந்து, மூடியது. இருவருமே இறங்கவில்லை. அடுத்த நிலையத்தில் கவனித்து, இறங்கி, எதிர்ப்பக்கம் போகாமல் அங்கேயே நின்று பேசினார்கள். இளமதி சுந்தரேசனுக்குப் போன் போட்டாள்.

"சார், நாற்பத்தெட்டாவது நாள் மண்டலாபிஷேகத்துக்கும் வர்ணனை வேணும்னு சொன்னீங்கள்ல? உள்ள ரெண்டு பேர் நிக்க இடம் குடுப்பீங்களா?"

"ரெண்டாவது யாரு?"

பஞ்சவர்ணம் போனை வாங்கிக்கொண்டாள். "நான்தான் சார், பஞ்சவர்ணம். இருபத்தஞ்சு வருஷமா ஆஸ்பத்திரில போன் எடுக்குறேன். மைக்ல பேச எனக்கு யாரும் சொல்லித்தர வேணாம்."

சுந்தரேசன், முதலில் நிர்வாகக் குழுவின் அந்த இரண்டு பேருக்கும் விளக்கக் கடிதம் எழுத வேண்டும், அதற்கு இருவரும் செவ்வாய்க்கிழமை கோயிலுக்கு வர முடியுமா என்று கேட்டார்.

கடிதத்துக்கு மூன்று வாரம் பிடித்தது. குழுவில் ஒருவர் சமாதானமானார்; இன்னொருவர் கடைசிவரை ஆகவில்லை. நாற்பத்தெட்டாவது நாள் காலை, கருவறைக்கு முன்னால் இரண்டு மைக்குகளுடன் இருவரும் நின்றார்கள். இராஜரத்தினத்துக்கென்று ஜாஃபர் தனி அலைவரிசை ஒன்றை ஒதுக்கி, அதில் சுந்தரேசனையே அவருடைய உரையை வாசிக்க வைத்திருந்தான். வெளியே பந்தலில் இந்த முறை ஹெட்போன் கேட்டவர்கள் நூற்றைம்பது பேர். அதில் பாதிக்குமேல் நன்றாகக் கண் தெரிந்தவர்கள்.

திரை விலகியதும் இளமதி பேசவில்லை. பஞ்சவர்ணத்தின் முழங்கையைத் தொட்டாள்.

பஞ்சவர்ணம் ஒரு அடி முன்னால் வைத்து, மூச்சை இழுத்துக்கொண்டு தொடங்கினாள்.

"ஈரம். வில்வ வாசனை. எனக்கு நேரா, ரொம்பப் பக்கத்துல, யாரோ இருக்காங்க."